கடையும் கல்வியும்: குடும்பமாகத் தொழில் நடத்துவோருக்கு ஒரு பாடத்திட்டம்

தொழில் நடத்தும் தமிழ்க் குடும்பங்களில் 'படிப்பு' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. கடையை விட்டு வெளியேறும் வழி என்பதுதான் அது. "ஒழுங்காப் படி, இல்லன்னா இந்தக் கல்லாவுலதான் உட்காரணும்" என்று கண்டிக்கும் அதே அப்பா, பிள்ளை பட்டம் வாங்கி வேறு வேலைக்குப் போன பிறகு, "கடையைப் பார்க்க ஆள் இல்லையே" என்று வருந்துகிறார். ஜார்ஜ் டவுனில் கடை வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவள் என்ற முறையில் இந்த இரண்டு பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களிலும் முன்னாள் மாணவர்களிலும் பலர் கேட்டிருப்பீர்கள்.

மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் கல்வி இருக்கிறது. ஒரே கடையை அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எனச் சேர்ந்து நடத்தும் ஒரு குடும்பத்துக்குக் குடும்பமாகவே ஒரு கல்வி உண்டா? உண்டு என்பதே என் பதில். ஒரு காலத்தில் அது பினாங்கிலேயே இருந்தது. இன்று உலகின் சில வணிகப் பள்ளிகளில் வேறு வடிவில் நடக்கிறது. இடையில் நாம் எதை இழந்தோம், எதைத் திரும்பப் பெறலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

கிட்டங்கி என்னும் பள்ளிக்கூடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து இலங்கை, பர்மா, மலாயா, சுமத்ரா எனப் பரவிய நாட்டுக்கோட்டை நகரத்தார், பினாங்கிலும் வட்டித் தொழிலை நிலைநாட்டினர். தண்ணீர்மலைக் கோயிலும், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் பினாங்கு வீதிக் கோவில் வீடும் அவர்கள் இங்கே வேரூன்றியதற்கு இன்றும் நிற்கும் சாட்சிகள். அவர்கள் தங்கித் தொழில் செய்த நீண்ட கூடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி, ஓர் இரும்புப் பெட்டி, சில கணக்குப் புத்தகங்கள். அவ்வளவுதான் சொத்து.

இந்தக் கூடத்தை ஒரு பள்ளிக்கூடமாகப் பார்த்தால் பல செய்திகள் விளங்கும். ஊரில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த சிறுவன், முந்திரி (320இல் ஒரு பங்கு), காணி (80இல் ஒரு பங்கு), மா (20இல் ஒரு பங்கு) என்ற கீழ்வாய் இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருப்பான். வட்டியை மனக்கணக்காகப் போட இந்தப் பின்னங்களே கருவி. பிறகு அவன் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கூட்டுவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, பெரியவர்கள் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பது ஆகியவை அவன் வேலை. அடுத்த படி அடுத்தாள். குறிப்பும் சிட்டையும் எழுதுவது, வசூலுக்குப் போவது அவன் பொறுப்பு. அதற்கும் மேலே, முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் கொண்டு செலுத்தும் ஏஜெண்டு. மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் அவர் ஐந்தொகை எடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவருக்குப் பிறகு அடுத்தவர் வருவார்.

இந்த ஏற்பாட்டில் மூன்று அம்சங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: எந்தப் படியிலும் குருட்டு நம்பிக்கைக்கு இடமில்லை. உறவினரே ஆனாலும் கணக்கை ஒப்படைத்த பிறகுதான் வெகுமதி. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஐந்தொகை எடுப்பதால் யார் எவ்வளவு சம்பாதித்தார், யார் எவ்வளவு இழந்தார் என்பது மறைவாக இருக்க முடியாது.

இரண்டு: பையன் தன் அப்பாவின் கடையிலேயே பழக வேண்டும் என்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் கைகட்டி நின்று பழகும் வழக்கம் இருந்தது. சொந்த வீட்டில் கிடைக்கும் சலுகை அங்கே கிடைக்காது.

மூன்று: கல்வி முழுவதும் தமிழில் நடந்தது. பேரேடு, சிட்டை, பற்று, வரவு, ஐந்தொகை, மகமை, விலாசம் என ஒரு முழுமையான தொழில் மொழி அவர்களிடம் இருந்தது. இன்று கணக்கியல் படிக்கும் நம் மாணவரிடம் ஐந்தொகை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.

இந்த உலகத்தை இலக்கியத்தில் காண விரும்புவோர் ப. சிங்காரத்தின் (1920–1997) 'கடலுக்கு அப்பால்' நாவலைப் படிக்கலாம். பினாங்கு வட்டிக்கடை ஒன்றின் முதலாளி, தன் தொழிலையும் மகளையும் யாரிடம் ஒப்படைப்பது என்று தடுமாறுவதே கதையின் மையம். இன்றைய வணிகப் பள்ளிகள் வாரிசுத் திட்டம் என்று வகுப்பெடுக்கும் பொருள்தான் அது.

அந்தப் பள்ளி ஏன் மூடியது?

1930களின் பொருளாதார மந்தம், 1941இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு, பர்மாவில் போட்ட முதல் திரும்பாமல் போனது, போருக்குப் பின் வந்த கடன் சட்டங்கள், வங்கிகளின் வளர்ச்சி ஆகியவை கிட்டங்கித் தொழிலைச் சுருக்கின. தொழில் சுருங்கியபோது அதன் பள்ளியும் சுருங்கியது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பெட்டியடியில் பழகிய இதே சமூகம்தான் பெரும் கல்வி நிறுவனங்களைக் கட்டியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவற்றில் படித்து உயர்ந்தார்கள். ஆனால் கிட்டங்கி கற்றுக்கொடுத்ததை அந்த வகுப்பறைகள் கற்றுக்கொடுக்கவில்லை. அவற்றின் நோக்கமும் அதுவன்று. கடைக் கல்வி ஒரு பக்கமும் கல்லூரிக் கல்வி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. நாம் அந்தப் பிரிவுக்குப் பின்னால் பிறந்தவர்கள்.

லொசானிலிருந்து மும்பை வரை

குடும்பத் தொழில் என்பது வளர்ச்சி அடையாத நிறுவனத்தின் அடையாளம் என்றே மேலை நாட்டு மேலாண்மைக் கல்வி நெடுங்காலம் கருதியது. அந்தப் பார்வை 1970களில் மாறத் தொடங்கியது. 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ரெனாட்டோ தாகியுரி, ஜான் டேவிஸ் ஆகிய இருவரும் மூன்று வட்டங்கள் கொண்ட ஒரு படத்தை உருவாக்கினர். ஒரு வட்டம் குடும்பம், ஒரு வட்டம் உடைமை, ஒரு வட்டம் தொழில். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அம்மா குடும்ப வட்டத்திலும் தொழில் வட்டத்திலும் இருக்கலாம். உடைமை வட்டத்தில் அவர் பெயரே இல்லாமல் இருக்கலாம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் கடை வேலை எதுவும் செய்யாமல் உடைமை வட்டத்தில் இருக்கலாம். இருபது வருடம் உழைத்த வேலையாள் தொழில் வட்டத்தில் மட்டும் இருப்பார். ஒருவர் எந்த வட்டத்தில் நின்று பேசுகிறார் என்று தெரியாமல் பேசுவதால்தான் வீட்டுச் சண்டை கடைச் சண்டையாகிறது.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1980களின் இறுதியில் குடும்பமாக வந்து படிக்கும் பயிற்சிகள் தொடங்கின. 1989இல் குடும்பத் தொழில் நடத்துவோரின் உலகளாவிய அமைப்பு ஒன்றும் உருவானது. இந்தியாவில் மும்பையின் எஸ். பி. ஜெயின் மேலாண்மை நிறுவனம் 1990களின் இறுதியில் குடும்பத் தொழில் வாரிசுகளுக்கென்றே ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அதன் அமைப்பு நம் கவனத்துக்குரியது. மாணவர் மாதத்தில் ஒரு வாரம் வகுப்பில் இருப்பார். மிச்ச நாட்களில் தன் சொந்தக் கடையிலோ ஆலையிலோ வேலை பார்ப்பார். வகுப்பில் கற்றதை வீட்டுத் தொழிலில் செய்து பார்த்து, அதன் விளைவோடு மறுமாதம் வருவார். பெட்டியடிப் பையனின் பயிற்சியும் ஏறக்குறைய இதுவே. வேலையும் படிப்பும் ஒரே இடத்தில் நடந்தன.

மகள்களின் கேள்வி

பழைய ஏற்பாட்டைப் புகழும்போது அதன் பெருங்குறையை மறைக்கக் கூடாது. கிட்டங்கியில் பெண்களுக்கு இடமில்லை. மகள்கள் பெட்டியடிக்குப் போனதில்லை.

இது பழங்கதை அல்ல. 1900ஆம் ஆண்டு பர்மாவின் மோல்மேனில் வட்டித் தொழிலாகத் தொடங்கி, பின்னர் தமிழகத்துக்கு வந்து வளர்ந்த முருகப்பா குழுமம் நாம் பெருமையோடு சொல்லும் பெயர். அக்குடும்பத்தைச் சேர்ந்த எம். வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருடைய மகள் வள்ளி அருணாச்சலம், குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடியின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. 2023இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நூறாண்டு கடந்த ஒரு குடும்பத்திலும், மகள் எந்த வட்டத்தில் இருக்கிறாள் என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்த பிறகே தீர வேண்டியிருந்தது.

நம் பினாங்குக் கடைகளை நினைத்துப் பாருங்கள். மாலையில் கல்லாவில் இருப்பது யார்? துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது யார்? மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் விலை பேசுவது யார்? பல கடைகளில் அம்மாவும் மகளும்தான். பதிவுச் சான்றிதழில் மட்டும் அவர்கள் பெயர் இல்லை. என் வீட்டிலும் அப்படியே இருந்தது. குடும்பத்துக்கான கல்வி என்றால் அது மூத்த மகனுக்கு மட்டும் நடத்தும் வகுப்பாக இருக்க முடியாது.

இன்றைய ஜார்ஜ் டவுன்

இந்தக் கல்வி இப்போது ஏன் அவசரம்? 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகையைக் குறைவாகவே வைத்திருந்தது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000இலிருந்து வாடகை சந்தை விலைக்குப் போனது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமானது. நகரத்துக்குப் பெருமை வந்தது. கட்டடங்களுக்கு விலையும் ஏறியது. பழைய வாடகையை நம்பி ஓடிய கடைகள் தங்கள் கணக்கைப் புதிதாகப் போட வேண்டிவந்தது.

அரசின் உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. டெக்குன் நேஷனல் அமைப்பின் வழி இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் கிடைக்கிறது. ஆனால் இத்தகைய திட்டங்கள் பொதுவாக ஒரு தனி ஆளை மனத்தில் வைத்து அமைந்தவை. விண்ணப்பிப்பவர் ஒருவர், பயிற்சிக்குப் போகிறவரும் அவரே. கடையை நடத்தும் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து கற்கும் வகுப்பு அதில் அடங்காது.

ஆறு பாடங்கள்

பழைய கிட்டங்கியிலிருந்தும் புதிய வணிகப் பள்ளியிலிருந்தும் எடுத்துக்கொண்டு, நம் சிறு கடைகளுக்குப் பொருந்தும் ஆறு பாடங்களை இங்கே முன்வைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். குடும்பத்திலிருந்து குறைந்தது மூவர் வர வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

1. வட்டம் வரைதல். குடும்பம், உடைமை, தொழில் என்ற மூன்று வட்டங்களில் தங்கள் வீட்டார் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுவது. அவரவர் தனித்தனியே எழுதிப் பிறகு ஒப்பிட வேண்டும். அப்பா வரையும் படமும் மகள் வரையும் படமும் ஒன்றாக இருக்காது. பேச வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

2. உண்மையான ஐந்தொகை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 1,800 ரிங்கிட் விற்பனை, அதில் 20 விழுக்காடு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 9,360 ரிங்கிட். வாடகை 3,500, மின்சாரம் முதலியவை 700, ஒரு வேலையாளுக்கு 1,700 போக 3,460 ரிங்கிட் மிஞ்சுகிறது. கடை லாபத்தில் ஓடுவதாகக் குடும்பம் மகிழ்கிறது. ஆனால் அப்பா, அம்மா, மகன் மூவரும் அங்கே முழுநேரம் உழைக்கிறார்கள். 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை மூவருக்கும் எழுதினால் 5,100 ஆகிறது. இப்போது கடை மாதம் 1,640 ரிங்கிட் நட்டத்தில் ஓடுகிறது. அந்த நட்டத்தை மூவரின் கூலியில்லா உழைப்பு மூடி மறைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் கடையைத் தொடர்வது ஒரு முடிவு. தெரியாமலே தொடர்வதை முடிவு என்று சொல்ல முடியாது.

3. சட்டம். தனி உரிமையாளர் பெயரில் பதிந்த கடைக்கு அவரைத் தவிர வேறு சட்ட உருவம் கிடையாது. கூட்டாகப் பதிந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், 1961ஆம் ஆண்டின் பங்காளிமைச் சட்டப்படி ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைகிறது. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. பதினைந்து வருடம் கல்லாவில் நின்ற பிள்ளைக்கும் கடைப் பக்கமே வராத பிள்ளைக்கும் சமப் பங்குதான். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை பொருந்தும். இவற்றைத் தெரிந்துகொண்டு உயிரோடு இருக்கும்போதே பேசி எழுதிவைப்பது அபசகுனம் அல்ல.

4. பிறர் கடையில் பழகுதல். கடைக்கு வர விரும்பும் பிள்ளை முதலில் இரண்டு வருடமாவது வேறோர் இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். தன் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று தெரிந்த பிள்ளை, திரும்பி வரும்போது கடமைக்காக வராமல் விருப்பத்தோடு வரும்.

5. குடும்பக் கூட்டம். மாதம் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், கடையைப் பற்றி மட்டும் பேச ஒரு மணி நேரம். ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் முதலில் பேசினால் நம் வீடுகளில் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. மரியாதைக்குப் பழக்கப்பட்ட நமக்கு இதுவே மிகக் கடினமான பாடம்.

6. ஒப்படைத்தல் அல்லது முடித்தல். எந்த வயதில், எந்தப் பொறுப்பை, யாரிடம் ஒப்படைப்பது என்று தேதி போட்டு எழுதுவது. முதலில் கொள்முதல், பிறகு வங்கிக் கையெழுத்து, கடைசியில் பெயர் மாற்றம் எனப் படிப்படியாக. தொடர யாரும் இல்லையென்றால், கடன்களை அடைத்து, வேலையாட்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, சரக்கை விற்றுக் கௌரவமாக மூடுவதையும் இதே வகுப்பில் கற்க வேண்டும். பிள்ளைகள் வேறு துறைக்குப் போனதால் மூடப்படும் கடை தோற்ற கடை அல்ல. பல குடும்பங்களில் அந்தக் கடைதான் அவர்களைப் படிக்க வைத்தது.

நம் கழகம் என்ன செய்யலாம்?

'இது வணிகத்துறை மாணவர் வேலை, தமிழ்மொழிக் கழகத்துக்கு என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் மொழியில் இருக்கிறது. பதிவுப் படிவம் மலாயில் இருக்கிறது. வரிக் கணக்கும் வங்கிக் கடிதமும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. ஆனால் உயிலைப் பற்றியும் பங்கைப் பற்றியும் அப்பாவிடம் பேசுவது தமிழில்தான். அந்தப் பேச்சுக்குத் தேவையான சொற்கள் நம்மிடம் இல்லாததால் பேச்சே நடப்பதில்லை. மேலே சொன்ன ஆறு பாடங்களையும் எளிய தமிழில் சிறு கையேடாக எழுதுவது, பழைய தொழில் சொற்களைத் தொகுப்பது, சட்டமும் கணக்கியலும் படிக்கும் நம் உறுப்பினர்களை லெபோ பாசார், லெபோ பினாங் கடைக் குடும்பங்களோடு உட்கார வைப்பது ஆகிய மூன்றும் நம் சக்திக்குட்பட்டவை. வழக்கறிஞர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒரு பிற்பகலைக் கொடுத்தால் மூன்றாம் பாடம் தயார்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது அதன் கருத்து. வாடிக்கையாளரிடம் இந்த நேர்மையைக் கடைப்பிடிக்கும் நம் பெரியவர்கள் வீட்டுக்குள்ளும் அதைக் கடைப்பிடிக்கலாம். மனைவியின் உழைப்பையும் மகளின் உழைப்பையும் கணக்கில் எழுதுவதும் நடுவுநிலைமைதான்.

இவ்வாண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போகும் கடை வீட்டுப் பிள்ளைகள் ஒரு வேலையை மட்டும் செய்து பாருங்கள். ஒரு தாளில் மூன்று வட்டம் வரைந்து, வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை அதில் எழுதச் சொல்லுங்கள். முதலில் அம்மாவிடம் கொடுங்கள்.